பழைய டேனரியில் விழுந்த குஞ்சு



இன்று உரத்தைப் பற்றியோ விதையைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. ஒரு பறவைக் குஞ்சைப் பற்றிச் சொல்லப்போகிறேன். "வெள்ளாமைக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்பீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டிய ஒரு கிராமம். மார்கழிப் பட்டத்து நிலக்கடலை காய் பிடித்திருந்த சமயம். எலி பறித்துத் தின்ற காய்த்தோல் வரப்பெல்லாம் கிடந்தது. என்னைப் பார்க்க ஓர் அம்மா முறத்தில் ஒரு குஞ்சை வைத்துக்கொண்டு வந்தார். மூடிக் கிடக்கும் பழைய தோல் டேனரியின் சுவரோரம் விழுந்து கிடந்ததாம். பஞ்சுப் பொதி போல வெள்ளையாக ஒரு உருவம். "ஐயா, கழுகுக் குஞ்சுங்கிறாங்க. சாக்குருவிங்கிறாங்க. அடிச்சுப் போட்டுடலாம்னு பசங்க கல்லோட நிக்கிறாங்க. நீங்க சொல்லுங்க" என்றார்.

நான் வளைந்த அலகைப் பார்த்தேன். கூரிய நகத்தைப் பார்த்தேன். "பருந்துக் குஞ்சும்மா" என்று சொல்லிவிட்டேன். கோழி வளர்க்கிற வீட்டில் பருந்து என்று சொன்னால் அந்தக் குஞ்சு பிழைக்குமா? பட்டப்படிப்பு படித்தவன் வாயிலிருந்து அவசரத்தில் வந்த தப்பு அது.

நல்லவேளையாக, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "மேலே இன்னும் இருக்குது சார், ஏறிப் பாருங்க" என்றார். ஏணி வைத்து ஏறினேன். சுவர் மேட்டில் நான்கு குஞ்சுகள் வரிசையாக உட்கார்ந்து, பாம்பு சீறுவது போல 'ஸ்ஸ்...' என்று சீறின. ஒன்று போல ஒன்று இல்லை. நான்கு வேறு வேறு பறவைகளோ என்றுகூடத் தோன்றியது.

விஷயம் இதுதான். நம் நாட்டுக்கோழி முட்டையெல்லாம் இட்டு முடித்த பிறகுதான் அடைகாக்க உட்காரும். அதனால் குஞ்சுகள் ஒன்றாகப் பொரிக்கும். இந்தப் பறவையோ முதல் முட்டை இட்டதுமே அடைக்கு உட்கார்ந்துவிடும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பொரிக்கும். ஆகவே ஒரே கூட்டில் மூத்ததும் இளையதும் படிக்கட்டு போல நிற்கும். கீழே விழுந்தது எதுவாக வளரும் என்பதை மேலே இருந்த மூத்ததே காட்டிக் கொடுத்துவிட்டது. அது கூகை. எலியைத் தின்று நம் வயலைக் காக்கிற கூகை!

இறகு மாறுவதை வைத்து வயதைக் கண்டுகொள்ளலாம். பொரித்த புதிதில் தோல் தெரிய மெல்லிய வெள்ளைத் தூவி. சுமார் இரண்டு வாரத்தில் கண் திறந்து, அடர்ந்த வெள்ளைப் பஞ்சு மூடும். மூன்று, நான்கு வாரத்தில் இறக்கையில் குச்சி குச்சியாக இறகுக் குருத்து தள்ளும். ஐந்து, ஆறு வாரத்தில் முதுகும் இறக்கையும் பொன்னிறமும் சாம்பலும் கலந்து தெரியும். வயிற்றிலும் காலிலும் பஞ்சு தொங்கும். எட்டு, ஒன்பது வாரத்தில் பஞ்சு உதிர்ந்து பறக்கத் தொடங்கும்.

சரி, பருந்து, வல்லூறுக் குஞ்சும் வெள்ளைப் பஞ்சோடுதானே இருக்கும்? ஆமாம். அதனால்தான் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. முகத்தைப் பாருங்கள். கூகைக்கு இரண்டு கண்ணும் மனிதனைப் போல முன்பக்கம் இருக்கும். வளர வளர முகம் அரச இலை போல வடிவெடுக்கும். கண் கறுப்பு. வீட்டுப் பக்கம் கத்தும் புள்ளி ஆந்தைக்குக் கண் மஞ்சள். பருந்துக்கும் வல்லூறுக்கும் கண் பக்கவாட்டில் இருக்கும். காலையும் பாருங்கள். கூகை தன் வெளிவிரலைப் பின்னால் திருப்பி, இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாகப் பிடிக்கும். கூட்டின் கீழே கறுப்பு உருண்டைகள் கிடந்தால் உடைத்துப் பாருங்கள். உள்ளே எலி மயிரும் மண்டையோடும் இருக்கும். அது எச்சம் அல்ல. செரிக்காததைக் கக்கிய உருண்டை.

குஞ்சை அந்த மேட்டிலேயே திரும்ப வைத்தோம். மனிதன் கைபட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது சரியல்ல. அன்று ராத்திரியே தாய் இரை கொண்டுவந்தது.

ஆனால் இரண்டு வாரம் கழித்து மூத்த குஞ்சு ஒன்று செத்துக் கிடந்தது. பக்கத்துக் கொல்லையில் புரோமாடியோலோன் எலி மருந்து வைத்திருந்தார்கள். அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது; சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் பறவைக்கும் விஷம் ஏறும். இந்தக் குஞ்சு அதனால்தான் செத்தது என்று சத்தியம் செய்ய என்னிடம் பரிசோதனை இல்லை. ஆனால் அந்த மருந்தைச் சிபாரிசு செய்தவன் நான்தான். கூடு இருப்பதைக் கேட்காமல் சொன்னேன். இப்போது முதலில் அதைக் கேட்கிறேன்.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள். கூகைக் கூடு அருகில் இருந்தால் விஷத்தைத் தவிர்த்துக் கிட்டி வையுங்கள். வரப்பைச் சிறிதாக்கிப் புதரை வெட்டுங்கள். நெல் வயலில் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை, ஆங்கில 'டி' எழுத்துப் போலக் குச்சி நட்டு, பறவை உட்கார இடம் கொடுங்கள். மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்தே கூகையைக் குடியேற்றியிருக்கிறார்கள். நமக்குப் பழைய கட்டடமும் தென்னை மரமும் இருக்கின்றன. அதை விரட்டாமல் இருந்தாலே போதும்.

கீழே விழுந்த குஞ்சை வளர்க்கக் கொண்டுபோகாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கூகையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். கூடு எட்டாவிட்டால் காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாலோ சோறோ ஊட்ட வேண்டாம்.

கூகை கத்தினால் சாவு வரும் என்பார்கள். வருவது உண்மைதான், ஆனால் எலிக்கு! அந்த டேனரிக் குஞ்சுகளில் மீதி நான்கும் பறந்துபோயின. முறத்தில் கொண்டு வந்த அம்மா இப்போது சாயங்காலம் கூகை சத்தம் கேட்டால், "நம்ம காவக்காரன் வந்துட்டான்" என்கிறார்.

தெரியாத குஞ்சு கண்ணில் பட்டால் கல்லை எடுக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்து, அண்ணாந்து மேலே பாருங்கள்.