கடல் கடந்த யுத்தமும் கைக்காசும்

யுத்தம் என்றதும் நம் நினைவுக்கு வருவன படையும் பீரங்கியும், வெற்றியும் தோல்வியுமே. அதன் செலவைத் தருபவர் யார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும், அது திறைசேரியின் காரியம் என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். திறைசேரி தானாகப் பொன் விளையும் வயல் அன்று. குடிகள் இட்டதையே அது எடுக்கின்றது. தொலைவில் நடக்கும் நீண்ட யுத்தத்தின் செலவு வரி செலுத்துவோனிடம் எவ்வாறு வந்து சேருகிறது என்பதை, ஊவா மாகாணத்து ஹாலிஎலப் பகுதியை நடுவாக வைத்து இன்று சிறிது ஆராய்வோம்.

ஹாலிஎல, பதுளை நகருக்கு அண்மையில் உள்ள ஊர். மேலே தேயிலை மலைகள். கீழே பள்ளத்தாக்கில் வயல்கள். தேயிலைக்கும் கோப்பிக்கும் முன்பே இருந்தவை அவ்வயல்கள். 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1817இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நம்மவர்க்கு அது சொந்த மண்ணில் நடந்த போர். இலண்டன் மாநகருக்கோ அது கடல் கடந்த யுத்தம். இந்தியாவிலிருந்து படைகள் தருவிக்கப்பட்டன. வயல்கள் பாழாக்கப்பட்டன, ஊர்கள் எரிக்கப்பட்டன. அக்காலத்தில் இலங்கையில் இருந்த ஜோன் டேவி என்னும் இராணுவ வைத்தியர், பிரித்தானியர் பக்கத்தில் ஏறக்குறைய 1,000 பேரும், போராலும் நோயாலும் பஞ்சத்தாலும் சுதேசிகளில் அதனினும் பத்து மடங்கினரும் மாண்டிருக்கலாம் என்று மதிப்பிட்டார்.

கிளர்ச்சி அடங்கியதும், 1818 நவம்பர் 21ஆம் திகதி தேசாதிபதி பிரவுண்றிக் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கண்டி மாகாணங்களின் நெல் விளைவில் பத்திலொரு பங்கு அரசாங்கத்துக்கு உரியது என்று அதில் விதிக்கப்பட்டது. அரசுக்கு விசுவாசமாக நின்ற சில பகுதிகளுக்கு மட்டும் அது பதினான்கில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. யுத்தம் நீடித்தது ஓராண்டுக்குச் சற்று மேல். வரி நீடித்ததோ 1892ஆம் ஆண்டு வரை, எழுபத்து நான்கு ஆண்டுகள்! 1880ஆம் ஆண்டுகளில், வலப்பனை போன்ற இடங்களில், இவ்வரியைக் கட்ட இயலாத ஏழை உழவர்களின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. கிளர்ச்சியைக் கண்ணாற் காணாத பேரப்பிள்ளைகளே அவ்வாறு நிலம் இழந்தவர்கள்.

இனி, மறுகரையைப் பார்ப்போம். வென்ற நாட்டின் குடிகளுக்கு இலாபம் கிடைத்ததா? அதுவும் இல்லை. இலங்கையின் வருவாய் இலங்கையின் ஆட்சிச் செலவுக்கும் படைச் செலவுக்கும் போதவில்லை. ஆண்டுதோறும் விழுந்த துண்டு பிரித்தானியத் திறைசேரிக்குப் பாரமாயிற்று. 1829இல் கோல்புறூக் விசாரணைக்காக இங்கு வந்ததற்கு அப்பாரமும் ஒரு முக்கிய காரணம். ஆங்கிலேயக் குடிகளும் இந்த மலைநாட்டுக்காகப் பணம் இறுத்திருக்கிறார்கள் என்பது இதனால் விளங்கும்.

அவர்கள் அப்பாரத்தை என்றும் சுமக்க விரும்பவில்லை. கோப்பி செழித்தபோது, இங்கு நிறுத்தப்பட்ட படையின் செலவை இலங்கையின் வருவாயிலிருந்தே பெறவேண்டும் என்று குடியேற்ற நாட்டு அமைச்சு வற்புறுத்தியது. தம்மைக் கேளாது இத்தொகையை விதிப்பதா என்று கண்டித்து, 1864 நவம்பரில் சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் அறுவர் பதவி துறந்தனர். ஜோர்ஜ் வோல், லோரன்ஸ் ஆகியோர் அவர்களுட் சிலர். மறு ஆண்டில் இலங்கைச் சங்கம் என்ற அமைப்பும் தோன்றிற்று. ஆனால், அச்சபைக்கு வெளியே நின்ற ஒருவரை இங்கு நாம் மறத்தல் ஆகாது. அவர் கோப்பித் தோட்டத்துத் தொழிலாளி. அவர் உண்டது இறக்குமதி அரிசி. அவ்வரிசிக்குச் சுங்கத் தீர்வை உண்டு. பதவி துறக்க அவருக்குப் பதவி இல்லை. வரி செலுத்துகிறோம் என்ற உணர்வும் இல்லை. ஆயினும் அவருடைய உலையில் ஏறிய அரிசியின் விலையிலே படைச் செலவின் ஒரு துளி கலந்திருந்தது. 1892இல் நெல்வரி நீங்கிய பின்னரும் அரிசித் தீர்வை நீங்காது நின்றது என்பதும் கவனிக்கற்பாலது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதை அன்று. 1867இல் பிரித்தானியா அபிசீனியா மீது படையெடுத்தது. முதலில் 20 இலட்சம் பவுண் வேண்டும் என்றார்கள். முடிவில் செலவு 80 இலட்சத்தையும் தாண்டிற்று. இந்தியாவிலிருந்து சென்ற படையினரின் வழக்கமான சம்பளத்தை இந்திய வருவாயே தாங்கிற்று. அபிசீனியாவுக்கும் இந்திய உழவனுக்கும் என்ன பகை? இத்தகைய செலவுப் பங்கீட்டை எதிர்த்துத் தாதாபாய் நவுரோஜி பல்லாண்டு வாதாடினார். 1895இல் அமைந்த வெல்பி ஆணைக்குழுவில் அங்கத்தவராகவும் இருந்து அவ்வழக்கை எடுத்துரைத்தார்.

யுத்தச் செலவு மூன்று வழிகளில் வரும். ஒன்று வரி. மற்றொன்று கடன். மூன்றாவது விலையேற்றம். வரி உடனே சுடும். ஆகையால் குடிகள் கேள்வி கேட்பார்கள். கடன் சுடாது, அது பிள்ளைகளின் தலையில் இறங்கும். 2001 முதல் 2021 வரை ஆப்கானிஸ்தானத்தில் அமெரிக்கா நடத்திய யுத்தத்துக்கு 2 இலட்சம் கோடி டொலருக்கு மேல் ஆயிற்று என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அதன் பெரும்பகுதி கடன். யுத்தம் முடிந்தது, வட்டி முடியவில்லை.

விலையேற்றமோ எல்லைகளையும் மதியாது. 1950இல் கொரியாவில் மூண்ட யுத்தத்தில் இலங்கை படை அனுப்பவில்லை. முதலில் நமது றப்பருக்கு நல்ல விலை கிடைத்தது உண்மையே. ஆனால், உலகச் சந்தையில் அரிசி விலையும் ஏறிற்று. பங்கீட்டு அரிசிக்கான மானியம் திறைசேரியை அழுத்திற்று. 1953 யூலையில் கொரியாவில் யுத்த நிறுத்தம் கையொப்பமாயிற்று. அதே மாதத்தில் இங்கு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் கொந்தளித்தது.

நம் நாட்டுக்குள்ளேயே 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தமும் இதனையே காட்டுகிறது. 1992இல் பாதுகாப்பு வரி என்ற பெயரில் ஒரு வரி வந்தது. 2002இல் அப்பெயர் மறைந்து, அது பெறுமதி சேர் வரிக்குள் கலந்தது. துப்பாக்கிகள் ஓய்ந்தன, வரி ஓயவில்லை. 2024 ஜனவரியில் அப்பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினெட்டாக உயர்ந்தது. எல்லா யுத்தத்தையும் தவிர்க்க இயலும் என்று நான் வாதிக்க வரவில்லை. தற்காப்புக்கும் பணம் வேண்டும். ஆனால் அதன் கணக்கு வெளிப்படையாக இருத்தல் வேண்டும்.

நேயர்களே, வருமான வரி கட்டுபவர் மட்டுமே வரி செலுத்துவோர் என்று எண்ணுவது தவறு. ஹாலிஎலத் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் பெண் ஒருத்தி கடையில் சவர்க்காரம் வாங்கும்போது, அவளும் அரசாங்கத்துக்குப் பணம் தருகிறாள். வருவாயில் பெரும்பகுதியை அன்றாடப் பொருள்களுக்கே செலவிடுபவள் ஆதலால், அவளுக்கு அச்சுமை செல்வரினும் கனமானது. ஆகவே, எத்தனை பணம், எவரிடமிருந்து, எத்தனை ஆண்டுக்கு என்ற மூன்று கேள்விகளைக் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. யுத்தம் தொடங்கும் முன் இக்கேள்விகளுக்கு விடை சொல்ல ஆள்வோர் கடமைப்பட்டவர். விடை கிடையாத யுத்தத்தின் பற்றுச்சீட்டு, அவள் பேரப்பிள்ளையின் பெயரில் எழுதப்படும்.