ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோரும் பிள்ளைகளும்



கனடாவில் வந்து குடியேறிய தமிழர் பலர், ஆங்கில நூல்களைப் படித்துத் தேர்வெழுதியவர்கள். ஆயினும் பள்ளியில் ஆசிரியரைச் சந்திக்கும் மாலையில், பத்து வயது மகளே மொழிபெயர்ப்பாளராகி விடுகிறாள். தன்னைப் பற்றிய குறையை அவள் எவ்வாறு மொழிபெயர்ப்பாள் என்பதை விளக்க வேண்டியதில்லை! மருத்துவமனையிலும் அப்பழக்கம் தொடருமாயின், அது நகைப்பிற்குரியதன்று.

இத்தகையோரிடம் குறைவது இலக்கணம் அன்று, ஒலிப்பழக்கம். தமிழ்ச் சொல்லின் அசைகள் ஏறத்தாழ ஒரே அழுத்தம் பெறுபவை. ஆங்கிலத்திலோ அழுத்தம் இடம்பெயரும். 'போட்டோகிராப்' என்பதில் முதலசையிலும், 'போட்டோகிராபர்' என்பதில் இரண்டாம் அசையிலும் அது விழும். அழுத்தம் பிறழ்ந்தால் கேட்பவருக்குச் சொல்லே விளங்காது போகலாம். திருத்த வேண்டியது அதனையே. தமிழ்ச் சாயல் அப்படியே இருக்கட்டும். போலந்துக்காரரான ஜோசப் கொன்ராட் இருபது வயதை ஒட்டியே ஆங்கிலம் பயிலத் தொடங்கினார். பெரும் ஆங்கிலப் புதின ஆசிரியரான பின்னரும் அவர் பேச்சில் போலந்துச் சாயல் நீங்கவில்லை.

1992இல் தொடங்கிய, மத்திய அரசு நிதியளிக்கும் லிங்க் வகுப்புகள் புதிய குடியேறிகளுக்குக் கட்டணமற்றவை. குடியுரிமை பெற்றபின் அவற்றில் சேர இயலாது, ஆகவே காலந்தாழ்த்தலாகாது. 1924இல் கலிபோர்னியாவில் தோன்றிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில், திடீரெனத் தரப்படும் தலைப்பில் ஓரிரு நிமிடங்கள் பேசிப் பழகலாம்.

இளையோரே, தந்தையின் ஆங்கிலத்தைக் கேட்டு நகைப்பவர் பெரும்பாலும் வெளியார் அல்லர், வீட்டார்தாம். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, அவர் தடுமாறும் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுங்கள். மீதியை அவரே பேசட்டும்.