வரையறையை நெஞ்சில் நிறுத்தும் வழி

(மேனிலைப் பள்ளி மாணவரிடை நிகழ்த்திய உரை)



உயிரியல் தேர்வுக்கு முன்னாள் இரவில் தெருவெங்கும் ஓர் ஒலி கேட்கும். "சவ்வூடு பரவல் என்பது, சவ்வூடு பரவல் என்பது" என ஒரே தொடரை இருபது முறை உருப்போடும் ஒலி. மறுநாள் விடைத்தாளில் 'என்பது' வரை வருகிறது, அப்பால் வருவதில்லை. குடும்பத்திலேயே முதன்முதலாக மேனிலைப் பள்ளி ஏறிய பிள்ளை, தனக்கு அறிவு குறைவென்று முடிவுகட்டி உயிரியலையே கைவிட்டு விடுகிறது. குறை அறிவில் இல்லை; பயிலும் முறையில் உளது.

வரையறை என்பது வேலி. ஒரு பொருளை அண்டைப் பொருளினின்று பிரித்து நிறுத்துவது. சவ்வூடு பரவலுக்கு அவ்வேலிக் கற்கள் மூன்று. செல்வது நீர், இடையில் நிற்பது நீரை விட்டுக் கரைபொருளைத் தடுக்கும் சவ்வு, செல்லும் திசை, கரைபொருள் குறைந்த பக்கத்தினின்று மிகுந்த பக்கம். சவ்வை விட்டுவிட்டால் அது வெறும் பரவலாகிவிடும். உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவதை வீட்டில் கண்ட பிள்ளைக்குத் திசை மறக்குமா?

அடுத்து, பெயரைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். 'மைட்டாசிஸ்', 'மியாசிஸ்' என்னும் இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்போர் பலர். முன்னது இழை என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லினின்று 1882இல் பிளெமிங் படைத்தது; பின்னது கிரேக்கத்தில் குறைதலைக் குறிப்பது. கிரேக்கம் அறியாத பிள்ளைக்கு இரண்டும் வெற்றொலிகளே. குன்றல் பிரிவு என்றாலோ, குன்றுவது எது என்னும் வினா தானே எழும். நிறப்புரிகளின் எண்ணிக்கை, மாந்தரில் 46, 23 ஆகக் குன்றும். பெயரே பாதி வரையறையைச் சொல்லிவிடுகிறது.

பாதியைத்தான், முழுமையையன்று. 1665இல் இராபர்ட் ஊக்கு நுண்ணோக்கியில் கண்டது உயிரற்ற தக்கையின் வெற்றறைகளை. அதனாற்றான் 'செல்', அதாவது சிற்றறை, என்றார். விலங்கின் செல்லுக்கோ அறைச்சுவரே இல்லை. பெயரை மட்டும் நம்பினால் இங்கே வழுக்கும்.

இனி, உருப்போடுதலின் பயன் எவ்வளவு? அமெரிக்க உளவியலார் உரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு வேளை படித்தோர் ஐந்து நிமையத்தில் 83 விழுக்காடு நினைவுகூர்ந்தனர். ஒரு வேளை படித்து, மூன்று வேளை பாராமல் எழுதிப் பார்த்தோர் 71 மட்டுமே. ஆனால் ஒரு கிழமை கழிந்ததும் முன்னோர் 40க்குச் சரிந்தனர்; பின்னோர் 61இல் நின்றனர். முன்னாள் இரவு உருப்போட்ட பிள்ளை ஏன் ஏமாறுகிறது என்பது இதனால் விளங்கும். படித்த சூட்டில் எல்லாம் தெரிந்தது போலவே தோன்றும்.

13ஆம் நூற்றாண்டுப் பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில், கேட்டதை நினைத்துப் பார்த்தலையும், உடன்பயில்வாரோடு வினாவி விடையிறுத்தலையும் மாணவன் கடனாக வைத்தார். அளந்து பாராமலே கண்ட முறை அது!

ஆகவே, தாளை நெடுக்காக மடித்து இடப்பக்கம் பெயரையும் வலப்பக்கம் வரையறையையும் எழுதுக. வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு வேறு தாளில் எழுதிப் பார்க்க. ஒரு நாள் விட்டும், மூன்று நாள் விட்டும், ஒரு கிழமை விட்டும் அவ்வாறே செய்க. ஒவ்வொரு முறையும் விடுபட்ட வேலிக்கல் எதுவோ, அதற்கு மட்டும் அடிக்கோடிடுக. முழுத் தொடரையும் மீண்டும் உருப்போட வேண்டுவதில்லை.