கைத்திறனுக்கும் பட்டா உண்டு

(திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதி மகளிர் குழுக்களின் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி மாதாமாதம் பேசுறோம். இன்னிக்கு வேற ஒரு சொத்தைப் பத்திப் பேசலாம். நிலத்துக்குப் பட்டா மாதிரி, புதுசா ஒன்றைக் கண்டுபிடிச்சவருக்கும் அரசு ஒரு உரிமை தருது. அதுதான் காப்புரிமை, பேட்டன்ட்னு சொல்வாங்க. வருஷக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டி வந்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம் அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்து விற்க முடியாது.

நம்ம பொன்மலை ரயில்வே பணிமனையில் நீராவி எஞ்சின் வேலை நடப்பது உங்களுக்குத் தெரியும். நிலக்கரி குறைவாகச் செலவாகும் நீராவி எஞ்சினுக்கு இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் 1769ல் காப்புரிமை வாங்கினார். அவரும் கூட்டாளி போல்டனும் சுரங்க முதலாளிகளிடம் என்ன கேட்டாங்க தெரியுமா? "பழைய எஞ்சினைவிட மிச்சமாகும் நிலக்கரிச் செலவில் மூன்றில் ஒரு பங்கு கொடுங்க" என்றார்கள். மூளை உழைப்புக்கும் கூலி உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எல்லாத்துக்கும் காப்புரிமை கிடைக்குமா? கிடைக்காது. உதாரணமாக, குழு வேலைக்குக் கூலி கணக்குப் போட ஒரு சுலபமான முறையை நீங்க கண்டுபிடிச்சாலும், நம்ம 1970 காப்புரிமைச் சட்டப்படி வியாபார முறைக்கும் வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் கிடையாது. ஆனால் வாழைநார் பிரிக்கும் எந்திரத்தில் பாதி டீசலே போதும் என்கிற மாதிரி புது அமைப்பு செய்தால், அதற்கு விண்ணப்பிக்கலாம்.

பாட்டி வைத்தியமும் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995ல் காப்புரிமை கொடுத்துட்டாங்க. நம்ம நாட்டு அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி வாதாடியது. 1997ல் அது ரத்தானது. ஊர்ப் பெயரால் புகழ்பெற்ற பொருளுக்குப் புவிசார் குறியீடு என்று தனி வழி இருக்கு. நம்ம மணப்பாறை முறுக்குக்கு 2023ல் அது கிடைச்சது.

கோயம்புத்தூர் முருகானந்தம் அவர்களைக் கேள்விப்பட்டிருப்பீங்க. மாதவிலக்கு நாட்களில் மனைவி பழந்துணி பயன்படுத்துவதைப் பார்த்து, குறைந்த விலையில் நாப்கின் செய்ய முனைந்தார். பெரிய கம்பெனி எந்திரம் கோடிக்கணக்கில் விலை. பல வருஷம் போராடி, மரக்கூழைப் பஞ்சாக்கி, அழுத்தி, ஒட்டி, கிருமி நீக்கும் சின்ன எந்திரத்தை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார். பெரிய கம்பெனிகளுக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தார். உரிமை கையில் இருந்ததால்தானே, யாருக்குக் கொடுப்பது என்று அவரே முடிவு செய்ய முடிந்தது? 2016ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சகோதரிகளே, இதைக் கவனமா குறிச்சுக்குங்க:

1. புது யோசனை வந்ததும் படம் வரைந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்க.

2. விண்ணப்பிக்கும் முன்பே கண்காட்சியில் வைக்காதீங்க, செய்தித்தாளுக்குச் சொல்லாதீங்க. ஊருக்கே தெரிஞ்ச பிறகு போனால், "இது புதுசு இல்லை" என்று மறுத்துவிடலாம்.

3. முதலில் தற்காலிக விண்ணப்பம் போடலாம். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கணும். நமக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கு. காந்திநகரில் உள்ள தேசிய புத்தாக்க நிறுவனம் கிராமத்துக் கண்டுபிடிப்பாளர்களுக்கு உதவுது. பெண்கள் விண்ணப்பித்தால், விரைவாகப் பரிசீலிக்கக் கேட்கும் வசதி 2019 முதல் உண்டு.

4. குழுவாகச் செய்தால், யோசனை யாருடையதோ அவர் பெயர் கண்டுபிடிப்பாளர் என்று விண்ணப்பத்தில் வரணும். வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்று முன்கூட்டியே தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்க. பணம் வந்த பிறகு பேசினால் குழுவே உடைஞ்சுடும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும், வேலையைச் சுலபமாக்க நாம செய்துகொண்ட மாற்றம் ஏதாவது இருக்கா என்று பேசுங்க. இருந்தால் வெளியில் சொல்லும் முன் ஊக்குநரிடம் சொல்லுங்க.