ஓட்டை இருக்கு, சரி… எங்கே இருக்கு?

இன்னைக்கு இதயத்தோட மேல் அறைகள் ரெண்டுக்கும் நடுச்சுவர்ல பிறவியிலேயே வர்ற ஓட்டையைப் பத்திப் பேசப் போறோம். டாக்டர்கள் பாஷையில ஏஎஸ்டி.

1952, ஃபிலடெல்ஃபியா. டாக்டர் ஜான் கிப்பன் தான் உருவாக்கின இதய-நுரையீரல் இயந்திரத்தை முதன்முதலா ஒரு நோயாளிக்குப் பயன்படுத்துறார். 15 மாதக் குழந்தை. ஏஎஸ்டின்னு நினைச்சு இதயத்தைத் திறந்தா, அங்கே ஓட்டையே இல்ல. குழந்தை இறந்துடுச்சு. கோளாறு இதயத்துக்கு வெளியே, ரெண்டு பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவுல இருந்ததுன்னு பிரேதப் பரிசோதனையில்தான் தெரிஞ்சது. அப்போ எக்கோ கிடையாது. அடுத்த வருஷம் மே 6ஆம் தேதி, 18 வயசுப் பெண்ணுக்கு அதே முறையில உண்மையான ஏஎஸ்டியை அடைச்சார். அவங்க பிழைச்சாங்க.

அதனாலதான் ‘ஓட்டை இருக்கு’ன்னு சொன்னா மட்டும் போதாது. எங்கேன்னு தெரியணும்.

முக்கியமா நாலு வகை. சுவரின் நடுவுல இருந்தா செகண்டம். பத்துல ஏழு பேருக்கு இதுதான். கீழே, வால்வுகளை ஒட்டி இருந்தா பிரைமம். பெரும்பாலும் மைட்ரல் வால்வுல ஒரு பிளவும் சேர்ந்தே இருக்கும். மேலே, பெரிய சிரை வந்து சேர்ற இடத்துல இருந்தா சைனஸ் வீனோசஸ். இதுல பல பேருக்கு வலது நுரையீரல்ல இருந்து வர்ற சிரை இடம் மாறிப் போய்ச் சேர்ந்திருக்கும். நாலாவது கரோனரி சைனஸ், ரொம்ப அரிது.

எக்ஸ்ரே ஓட்டையைக் காட்டாது, அதோட விளைவைத்தான் காட்டும். இடப்பக்க ரத்தம் ஓட்டை வழியா வலப்பக்கம் வழியறதால, வலப்பக்க அறைகள் பெருசாகி, நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடிச்சுத் தெரியும். ஓட்டையையும் ரத்தம் பாயறதையும் நேரடியா காட்டுறது எக்கோ. ஆனா நெஞ்சு மேல வச்சு எடுக்கிற சாதாரண எக்கோவுல சைனஸ் வீனோசஸ் தப்பிச்சுடலாம். அப்போ உணவுக்குழாய் வழியா எடுக்கிற எக்கோ, சிடி அல்லது எம்ஆர்ஐ தேவைப்படும்.

இடம் தெரிஞ்சாதான் சிகிச்சையும். செகண்டமா இருந்து, சுத்தி விளிம்பும் போதுமான அளவு இருந்தா, தொடை ரத்தக்குழாய் வழியா ஒரு சின்ன கருவியைக் கொண்டுபோய் அடைச்சுடலாம். மத்ததுக்கு வழக்கமா ஆபரேஷன்தான்.

இது இருபது, முப்பது வயசு வரைக்கும்கூட சத்தமே இல்லாம இருக்கும். மாடி ஏறினா மூச்சு வாங்குது, படபடப்பு வருது, ரிப்போர்ட்ல ‘வலப்பக்கம் பெருசா இருக்கு’ன்னு மட்டும் போட்டு காரணம் எழுதலையா? அதோட விட்டுடாதீங்க. “மேல இருக்கிற ஓட்டையையும் பார்த்தாச்சா டாக்டர்?”னு ஒரு வார்த்தை கேளுங்க.