பயணியின் பையும் விமானத்தின் பாதுகாப்பும்

(குயிலாப்பாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



மரக்காணம் உப்பளங்களிலிருந்து கோட்டக்குப்பம் வரை இந்தக் கடற்கரையில், பிள்ளையோ மருமகனோ வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் இருக்கும் வீடுகள் நிறைய. பெட்டி கட்டுவதும் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் போய் வழியனுப்புவதும் நமக்குப் பழகிப்போன காரியங்கள். அதனால்தான் இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தேன். பயணி கொண்டுபோகும் மின்கருவிகளைத் தடுத்தால் விமானப் பயணம் பாதுகாப்பாகுமா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதித்து அறிந்த ஆபத்துக்குப் போடும் கட்டுப்பாடு உயிரைக் காக்கும். அச்சத்தில் போடும் தடை பெரும்பாலும் காக்காது. சில சமயம் ஆபத்தை வேறு இடத்துக்கு நகர்த்தி, பெரிதாக்கியும் விடும்.

முதலில் செயற்கைக்கோள் தொலைபேசி. 2025 ஜனவரியில் இங்கே பக்கத்தில், லாஸ்பேட்டையில் உள்ள புதுச்சேரி விமான நிலையத்தில், ஐதராபாத் செல்ல வந்த அமெரிக்க மருத்துவர் ஒருவரின் பையில் செயற்கைக்கோள் தொலைபேசி இருந்தது. போலீஸ் வழக்கு வரை போனது. அணைத்துப் பையில் வைத்திருக்கும் அந்தக் கருவியால் விமானத்துக்கு என்ன கேடு? எதுவும் இல்லை. உரிமமின்றி அதை வைத்திருப்பதை நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் இத்தகைய தொலைபேசியைப் பயன்படுத்திய பிறகு கண்காணிப்பு இறுகியது. அதே கருவி, 2017இல் ஒக்கிப் புயல் குமரி மீனவர்களைப் பறித்துக்கொண்ட பிறகு, ஆழ்கடலுக்குப் போகும் படகுகளுக்கு உயிர்க்கருவியாக ஆகியிருக்கிறது. நாட்டுப் பாதுகாப்பு வேறு, விமானப் பாதுகாப்பு வேறு. விமான நிலைய வாசலில் பிடிபடுகிறது என்பதற்காக இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

அடுத்தது செல்போன். அதன் அலைகள் விமானியின் கருவிகளைக் குழப்பும் என்று பல ஆண்டுகள் அணைக்கச் சொன்னார்கள். அந்த ஐயத்தில் தவறில்லை. ஆராயாமல் விடக் கூடாத ஐயம் அது. ஆராய்ந்தார்கள். பயணியின் செல்போன்தான் காரணம் என்று ஐயமற நிறுவப்பட்ட பெருவிபத்து ஒன்றும் இல்லை. 2014 ஏப்ரலில் நம் நாட்டின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், ஃபிளைட் மோடில் வைத்துப் பயணம் முழுக்கப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. 5ஜி வந்தபோது, விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ கருவியை அது பாதிக்குமோ என்ற கேள்வி எழுந்தது. அப்போது கட்டுப்பாடு வந்தது செல்போன் கோபுரங்களுக்கு. ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2,100 மீட்டருக்குள் ஐயத்துக்குரிய 5ஜி அலைவரிசையில் கோபுரம் கூடாது என்று 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை சொன்னது. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே கை வைத்தார்கள்.

வெடிகுண்டு வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். பெட்டியை ஒப்படைத்தவர் விமானம் ஏறவே இல்லை. மறு ஆண்டு ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் குண்டு வெடித்து 329 உயிர்கள் போயின; அங்கும் பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் விமானத்தைத் தகர்த்து 270 பேரைக் கொன்ற குண்டு ஒரு டேப் ரெக்கார்டருக்குள் இருந்தது. அந்தப் பெட்டிக்கும் உடன் வந்த பயணி இல்லை. டேப் ரெக்கார்டரையே தடைசெய்திருந்தால் அடுத்த குண்டு வேறொன்றுக்குள் வந்திருக்கும். ஆள் ஏறாவிட்டால் பெட்டியை இறக்கு என்ற விதியும், பெட்டியை ஊடுருவிப் பார்க்கும் கருவிகளும்தான் அந்த ஓட்டையை அடைத்தன.

இனி தீ. இங்கே கட்டுப்பாடு தேவை என்று நான் உறுதியாகச் சொல்வேன். செல்போன் பழுது பார்க்கும் கடையில், வீங்கிய பேட்டரி பின்மூடியை நெம்பித் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லித்தியம் பேட்டரியின் இரு முனைத் தகடுகளையும் பிரிப்பது மெல்லிய ஒரு தாள். அது கிழிந்தாலோ உருகினாலோ உள்ளே சூடு ஏறும். அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பும். எரியும் ஆவி பீறிடும். தீயணைப்பான் சுடரை அடக்கலாம், உள்ளிருக்கும் சூட்டை அடக்காது. அதற்குத் தண்ணீர் வேண்டும்.

2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலுள்ள பெட்டியடுக்கிலிருந்து புகை வந்தது. பயணிகள் கவனித்துச் சொன்னார்கள். பணியாளர்கள் அவர்களை வேறு இருக்கைகளுக்கு மாற்றினார்கள், அடுக்கைத் திறந்து தீயணைப்பானை அடித்தார்கள், புகைந்த போனை எடுத்துக் கழிவறையில் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் போட்டார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது. அது சாம்சங் நோட் 2. இரண்டு வாரங்களுக்கு முன், செப்டம்பர் 9 அன்று, இயக்குநரகம் தடுத்தது நோட் 7ஐ. அந்தத் தடை சரியானதே. அந்த மாடல் உலகெங்கும் தீப்பற்றிக்கொண்டிருந்தது. ஆனால் சென்னை விமானத்தில் புகைந்தது தடைப் பட்டியலில் இல்லாத பழைய போன். அன்று பயணிகளைக் காத்தது பட்டியல் அல்ல. மோப்பம் பிடித்து உடனே சொன்ன பயணிகளும், என்ன செய்ய வேண்டும் என்று பழகியிருந்த பணியாளர்களும்தான்.

இதற்கு நேர் எதிரானது 2017 மார்ச்சில் நடந்தது. துபாய், அபுதாபி, தோகா உள்ளிட்ட 10 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா செல்வோர் லேப்டாப்பைக் கையில் கொண்டுபோகக் கூடாது, சரக்கறைப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றது அமெரிக்கா. வளைகுடா வழியாக அமெரிக்கா போகும் நம்மவர்கள் பலர் அந்தத் தடையில் சிக்கினார்கள். அதே நாளில் பிரிட்டன் அறிவித்த பட்டியலில் துபாயும் அபுதாபியும் தோகாவும் இல்லை! ஒரு நாட்டுக்கு ஆபத்தான ஊர் இன்னொரு நாட்டுக்கு ஆபத்தில்லாததாக இருந்தது. அதைவிட மோசம், கண் முன்னே அணைக்கக்கூடிய தீயை யாரும் கை நீட்ட முடியாத சரக்கறைக்கு அனுப்பியது. பேட்டரி தீப்பிடித்து அருகில் தலைக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பா இருந்தால் அது வெடிக்கும் என்பதை அமெரிக்க விமானத் துறையே சோதனையில் கண்டது. 2010இல் துபாயில் லித்தியம் பேட்டரிகள் ஏற்றிய சரக்கு விமானம் தீப்பற்றி விழுந்து விமானிகள் இருவரும் இறந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சோதனைகளைக் கடுமையாக்கிய பின், 2017 ஜூலைக்குள் அமெரிக்காவின் தடை நீங்கியது.

சரியாகப் பாடம் கற்றதற்கும் உதாரணம் உண்டு. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். மேலடுக்கில் இருந்த பவர் பேங்க் மீதே சந்தேகம் விழுந்தது. அதன்பின் கொரியா பவர் பேங்கை மேலடுக்கில் வைக்கக் கூடாது என்றது. ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே தடை விதித்தது. இவை நல்ல விதிகள். கருவியைப் பறிக்கவில்லை; முதல் விதி, புகை வந்தால் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொல்கிறது, இரண்டாவது, பறக்கும்போது பயன்படுத்தாமல் இருக்கச் சொல்கிறது.

விமான நிறுவனங்களையும் அதிகாரிகளையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சென்னையிலும் திருச்சியிலும் ஏறும் தமிழ்ப் பயணிக்கு, எதைத் தடுக்கிறீர்கள் என்பதோடு ஏன் தடுக்கிறீர்கள் என்பதையும் தமிழில் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் பவர் பேங்கைத் துணிகளுக்கு நடுவே ஒளித்துவைக்க மாட்டார்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெட்டி கட்டும்போது பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். பொதுவாக 100 வாட்-மணி வரை அனுமதி உண்டு, 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 74தான். வீங்கியதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இருக்கையில் சூடோ புகை நாற்றமோ தெரிந்தால், கூச்சப்படாமல் அந்த நொடியே பணியாளரைக் கூப்பிடுங்கள்.