ஏடு காக்கும் இல்லம்
(தளவானூர்க் கும்பாபிடேக விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வூர்க் குன்றிலே மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்துருமல்லேச்சுரத்தை அறியாதார் ஈங்கு ஒருவரும் இரார். ஏறத்தாழ 1,400 ஆண்டுகட்கு முற்பட்டது அக்குடைவரை. அதன்கண் வடமொழிச் சுலோகமும் தமிழ் வெண்பாவும் இன்றும் படிக்கக் கிடக்கின்றன. கல்லிலே பொறித்தமையால் அவை பிழைத்தன. ஓலையில் எழுதியவற்றின் நிலை அன்னதன்று.

ஈண்டு நிகழும் யாகசாலைக் கிரியைகள் யாவும் சிவாகமங்களையும் அவற்றின் வழிவந்த பத்ததிகளையும் பற்றி நிற்பன. 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியார் அருளிய கிரியாக்கிரமத்தியோதிகை இன்றளவும் நம் சிவாசாரியர்களுக்கு வழிகாட்டி. இந்நூல்களெல்லாம் பனையேட்டில் வாழ்ந்தவை. ஏட்டின் ஆயுளோ சில நூற்றாண்டுகளே. பெயர்த்தெழுதுவார் இல்லையாயின் ஏட்டோடு நூலும் மாயும். ஆகமங்கள் சிலவற்றின் ஞானபாதம் இன்று நமக்குக் கிட்டாமைக்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

புதுச்சேரியில் 1955இல் ஜான் பிலியோசா என்னும் பேரறிஞர் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டு தொடங்கி, பண்டிதர் என். ஆர். பட் அவர்களும் துணைவர்களும் ஊர் ஊராகச் சென்று, குருக்கள் இல்லங்களில் முடங்கிக் கிடந்த சுவடிகளைத் திரட்டினர். பெரும்பாலன கிரந்த எழுத்தில் அமைந்தவை. ஏட்டைத் தர மனம் ஒப்பாதாரிடம் அவர்கள் வற்புறுத்தவில்லை. பார்த்துப் படியெடுத்துக்கொண்டு ஏட்டைத் திருப்பித் தந்தனர். இச்செயலையே யான் பெரிதாகப் போற்றுவேன். இங்ஙனம் தேவநாகரி எழுத்தில் அமைந்த காகிதப் படிகள் மட்டும் 1,100க்கு மேல் உள்ளன. இரௌரவம், மிருகேந்திரம், அசிதம் முதலிய ஆகமங்கள் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கப்பெற்றன. இந்நிறுவனத்திலும், அந்நகரிலேயே உள்ள தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் இருக்கும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது.

நம்மவர்க்கு உவப்பான செய்தி ஒன்று. அக்காகிதப் படிகள் ஒளிப்படமாக்கப்பெற்று, முக்தபோதா என்னும் அமைப்பின் இணைய நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. பூசை முடித்து வந்த சிவாசாரியர் தம் இல்லத்திலிருந்தே ஐயம் தீர்த்துக்கொள்ளலாம். நேரிற் காண விழைவோர் முன்னரே எழுதிக் கேட்டுச் செல்லுதல் நலம்.

இனி என் குறை ஒன்றும் உண்டு. யான் சிறுவனாய் இருந்தபோது, ஆடிப்பெருக்கன்று எங்கள் பாட்டியார் பரண்மேற் கிடந்த ஏட்டுக் கட்டொன்றை மஞ்சள் குங்குமம் இட்டுச் சங்கராபரணியில் விட்டார். புண்ணியம் என்று நம்பியே விட்டார். யானும் கைதட்டி மகிழ்ந்தேன். அவ்வாறு புதுவையை அடுத்தே கடலிற் கலக்கின்றது. கட்டோ நூலகத்தைச் சேரவில்லை. அதில் இருந்தது யாதென இன்று எவரைக் கேட்பேன்?

உங்கள் வீட்டுப் பரணிலும் இராமபாணம் துளைத்த கட்டு ஏதேனும் இருக்கலாம். அதனை அவிழ்த்துப் பிரிக்க முயலாதீர்கள். காய்ந்த ஏடு கையிலேயே நொறுங்கும். வெயிலிலும் இடாதீர்கள். தூய பருத்தித் துணியில் சுற்றி எடுத்துவைத்து, அந்நிறுவனத்தார்க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி ஏட்டை நெகிழச் செய்யும் முறை அறிந்தவர்கள் அதனைப் பார்த்துக்கொள்வார்கள்.

யாகசாலையில் மணி ஒலிக்கின்றது. பூரணாகுதிக்கு எழுவோம்.